தம்பிக்கு ஒரு பைக் பார்க்கப் போனேன்

முப்பத்தேழு வருடங்களுக்கு முன் முடிச்சூர் சாலையில், அப்பாவின் மோட்டார் சைக்கிளால் மோதி ஒரு பால்காரரின் காலை உடைத்தேன். ஓட்டியது நான். பின்னால் உட்கார்ந்திருந்தவன் என் தம்பி எட்வின். என்னிடம் லைசென்ஸ் கிடையாது, அவனிடம் இருந்தது. ஷில்லாங்கில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்த கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. கூட்டம் சேர்வதற்குள் அவன் காதருகே குனிந்து, "நீ ஓட்டினதாச் சொல்லுடா" என்றேன். "சரிண்ணா" என்றான். அவனுக்கு அப்போது வயது இருபத்திரண்டு.

ஒரு மாதத்துக்குள் அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்தேன். பத்தாவது நாள் ரயில் ஏறிவிட்டேன். சொல்லவில்லை. அப்பா இறந்தபோதும் சொல்லவில்லை. எட்வின் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினான். பால்காரருக்கு இன்ஷூரன்ஸ் பணம் கிடைத்தது. அதோடு எல்லாம் முடிந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மலையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் நடத்தி ஓய்வும் பெற்றுவிட்டேன். ஓய்வுக்குப் பிறகும் அங்கேயே தங்கிவிட்டேன்.

இந்த வருடம் பொங்கல் கழிந்து எட்வின் போன் செய்தான். "அண்ணா, பைக் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். ரெண்டு பார்த்து வெச்சிருக்கேன். எது கட்டுப்படியாகும்னு சொல்ல ஒரு எகனாமிக்ஸ் வாத்தியார் வேணும். வர்றீங்களா?"

அவன் மறைமலை நகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் இருந்து சென்ற வருடம்தான் ஓய்வு பெற்றான். அவன் பார்த்து வைத்திருந்தவை 'ஸ்போர்ட் டூரிங்' என்கிற வகை. வேகமும் வேண்டும், முதுகு நோகாமல் நாள் முழுக்கப் போகவும் வேண்டும் என்பவர்களுக்கானவை. கன்னியாகுமரி வரை போக வேண்டும், முடிந்தால் ஒரு நாள் ஷில்லாங்குக்கே வர வேண்டும் என்றான். என் வீட்டை அவன் பார்த்ததே இல்லை. கிளம்பிவிட்டேன்.

தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் எட்வினும் அவன் மனைவி லில்லியும் நின்றார்கள். லில்லியின் தலையில் ஹெல்மெட், புடவைத் தலைப்பு இடுப்பில். "அத்தான், பேகைக் காலுக்கு நடுவுல வெச்சுக்கறேன், நீங்க பின்னாடி ஏறுங்க" என்று தன் ஸ்கூட்டியைக் காட்டினாள். எட்வினைப் பார்த்து, "நீங்க ஷேர் ஆட்டோல வாங்க" என்றாள்.

"நம்ம வீட்ல டிரைவர் அவங்கதான். நான் பார்சல்" என்று சிரித்தான் எட்வின்.

ஷில்லாங்கில் மேட்டிலிருந்து இறங்கும் டாக்சி, எதிர் வண்டிக்கு வழிவிட்டுச் சும்மா நிற்கும். ஹாரன் கேட்பது அரிது. காம்ப் ரோடு சந்திப்பில் லில்லி ஒரு தண்ணீர் லாரிக்கும் ஒரு மாட்டுக்கும் இடையில் இருந்த இடைவெளியை என்னைவிடச் சரியாக அளந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எட்வின் ஓட்டவே மாட்டானா?" என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதா அத்தான்?" சாலையைப் பார்த்தபடியே உரக்கச் சொன்னாள். "எங்க நிச்சயதார்த்தத்துல எங்கப்பா கேட்டாரு. ஒருத்தன் காலை உடைச்ச கை இனிமே வண்டி ஹேண்டிலைத் தொடக் கூடாதுன்னு, போதகர் முன்னாடி பைபிள் மேல கை வெச்சுச் சொல்லச் சொன்னாரு. இவரும் சொன்னாரு. அதுக்கப்புறம்தான் தட்டு மாத்தினாங்க. முப்பத்துமூணு வருஷம் ஆச்சு."

எனக்குத் தெரியாது. அந்த நிச்சயதார்த்தத்துக்கும் நான் வரவில்லை, கல்யாணத்துக்கும் வரவில்லை. பரீட்சை நேரம் என்று கடிதம் எழுதினேன். பரீட்சை எதுவும் இல்லை.

செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் அவர்கள் வீடு. அன்றைக்குச் சங்கரா மீன் குழம்பு. சாப்பிடும்போதே எட்வின் இரண்டு பைக்குகளின் படங்களையும் என் தட்டுக்கு அருகே வைத்தான். ஒன்று வெளிநாட்டிலிருந்து பாகங்கள் வந்து இங்கே கோக்கப்படும் இரட்டை சிலிண்டர் வண்டி, நீல நிறம். மற்றது நம் நாட்டிலேயே செய்த ஒற்றை சிலிண்டர், சாம்பல் நிறம். விலையில் நீலம் சாம்பலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

"பார்க்கட்டும் அத்தான்" என்றாள் லில்லி, எனக்கு இன்னொரு துண்டு போட்டபடி. "பார்க்கறதுக்குக் காசா பணமா? வாங்க மாட்டாரு. எங்க வீட்ல இன்னும் அவருக்குப் பேரே கால் உடைச்ச மாப்பிள்ளைதான்."

எட்வின் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் மூவரும் குரோம்பேட்டையில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். நீல வண்டி, விளக்கு வெளிச்சத்தில் கல்யாண மேடையில் நிற்பது போல நின்றது. கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் ஓடி வந்தாள். "பையனுக்கா அங்கிள்?"

"எனக்குத்தான்மா."

"சூப்பர் அங்கிள். உட்காருங்க, போட்டோ எடுத்துத் தர்றேன்."

எட்வின் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தான். இரண்டு கைகளையும் தொடை மேல் வைத்துக்கொண்டான், சர்ச்சில் உட்காருவது போல.

"ஹேண்டிலைப் பிடிங்க அங்கிள். அப்பதான் போட்டோ நல்லா வரும்."

"பரவாயில்லம்மா. இப்படியே எடு."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் கூரையில் இருந்த மின்விசிறியைப் பார்த்தேன்.

ஓட்டிப் பார்க்க ஒரு படிவம் நிரப்ப வேண்டும், லைசென்ஸ் வேண்டும் என்றாள். "அவர்கிட்ட எங்க இருக்கப் போகுது?" என்று லில்லி ஆரம்பிப்பதற்குள் எட்வின் பர்ஸிலிருந்து ஒரு அட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தான். லில்லி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதை எப்ப ரென்யூவல் பண்ணினீங்க?"

"அப்பப்ப. காலாவதி ஆகும்போதெல்லாம்."

"எதுக்கு?"

"சும்மா. இருக்கட்டும்னு."

ஓட்டிப் பார்க்காமலே எட்வின் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தான். பஸ் ஸ்டாப் பக்கத்தில் நின்று இட்லியும் வடகறியும் சாப்பிட்டோம். மூவரில் யாரும் லைசென்ஸைப் பற்றிப் பேசவில்லை. வடகறியைப் பற்றி நிறையப் பேசினோம். ஷில்லாங்கில் எல்லாம் கிடைக்கும், இது மட்டும் கிடைக்காது.

வண்டியை வாங்க ஆகும் செலவைவிட, வைத்திருக்க ஆகும் செலவு என்ன என்பதுதான் கேள்வி என்று வகுப்பில் சொல்வது போலச் சொல்லிவிட்டேன். ஆகவே மூன்றாம் நாள், நீல வண்டி வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப் பொழிச்சலூர் போனோம். எட்வினின் பழைய சக ஊழியரின் மருமகன், பெயர் விக்னேஷ். முதலில் வந்த ஆட்டோ பாதி வழியில், "கேஸ் பிடிக்கணும் சார்" என்று ஒரு வரிசையில் போய் நின்றது. முக்கால் மணி நேரம். எங்களுக்கு முன்னால் நின்ற டிரைவர் பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினார். ஷில்லாங்கில் இப்படிக் காத்திருக்கும்போது வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிப் பச்சைப் பாக்கோடு கொடுப்பார்கள். முன்பின் தெரியாதவர்களும் கொடுப்பார்கள். காத்திருக்கத் தெரிந்த ஊர்களில் வாய்க்கு ஏதாவது கொடுக்கிறார்கள் போலிருக்கிறது.

பொழிச்சலூரில் பேச்சுக்கு ஒரு தனி வழக்கம் உண்டு. விமானம் தலைக்கு மேல் இறங்கும்போது வாக்கியம் எங்கே நிற்கிறதோ அங்கே நிறுத்திவிடுகிறார்கள். போனதும், விட்ட சொல்லிலிருந்து தொடர்கிறார்கள்.

"வண்டி வந்து சார், ஈசிஆர்ல" என்று சொல்லி விக்னேஷ் நிறுத்தினார். விமானம் போயிற்று. "சொர்க்கம். பல்லாவரம் சிக்னல்ல தோசைக்கல்லு மேல உட்கார்ந்த மாதிரி. என்ஜின் சூடு மொத்தமும் தொடைக்குத்தான்."

டயர் இரண்டும் மாற்றினால் எட்வினுக்கு ஒரு மாதக் குடும்பச் செலவு. ஒருமுறை வண்டி நின்ற இடத்திலேயே சாய்ந்து பக்கவாட்டு மூடி உடைந்தது. புது மூடி வர ஆறு வாரம். அதுவரை வண்டி படுதா போட்டு நின்றது. "ஆனா விக்க மனசு வரல சார்" என்றார். அவர் மனைவி உள்ளிருந்து, "எனக்கு வந்துடுச்சு" என்றாள். விமானம் எதுவும் வராததால் எல்லாருக்கும் கேட்டது.

நான்காம் நாள் லில்லி தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். நானும் எட்வினும் மட்டும் மேற்குத் தாம்பரத்தில் சேகர் என்கிற மெக்கானிக்கின் ஷெட்டுக்குப் போனோம். இரண்டு வகை வண்டிகளும் அவரிடம் வேலைக்கு வருகின்றன. சாம்பல் நிற வண்டிக்கு செயின், பல்சக்கரம், பிரேக் எல்லாம் என்ன ஆகும் என்று கேட்டேன். சொன்னார். உதிரிபாகம் போன் செய்த மறுநாள் வந்துவிடும் என்றார். குறை கேட்டேன். "எண்பதுக்கு மேல போனா கை லேசா நடுங்கும். ஒத்த சிலிண்டரு, அப்டித்தான் கீதும். அத்த வுடு சார். யாரு ஓட்டப் போறது? இவரா? இன்னா வயசு?"

"ஐம்பத்தொம்போது" என்றான் எட்வின்.

"அப்போ கணக்கு வேற. வண்டி நின்னுகினு இருக்கசொல்ல சாஞ்சா தனியா தூக்கணும். அத்தப் பாக்காம எதையும் வாங்காத."

சொல்லிவிட்டு, ஷெட்டில் நின்ற ஒரு பழைய இரட்டை சிலிண்டர் வண்டியைச் சாக்கு மேல் மெதுவாகப் படுக்க வைத்தார். "தூக்கு சார். திரும்பி நின்னு, ஒரு கை ஹேண்டில்ல, ஒரு கை பின்னாடிக் கம்பில."

எட்வின் குனிந்து பின்கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தான். வண்டி தரையில் வட்டமடித்தது.

"ஹேண்டிலைப் புடி சார்."

"வேணாம்பா."

"இன்னா சார் பேஜாரு. ஹேண்டிலைப் புடிக்காம எப்டித் தூக்குவே?"

"அது முடியாதுப்பா" என்றான் எட்வின் மென்மையாக. கைகளை அங்கே கிடந்த ஒரு பழைய துணியில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். அவனுக்கு மூச்சு வாங்கியது. லில்லி அங்கே இல்லை. அவள் அப்பா இறந்து பல வருடம் ஆகிறது. பார்க்க யாரும் இல்லை, நான் ஒருவனைத் தவிர. அந்தக் கைகள் எந்தக் காலையும் உடைக்கவில்லை என்று உலகத்தில் அவனைத் தவிரத் தெரிந்த ஒரே ஆளும் நான்தான்.

செலவுகளைக் குறித்துவந்த கணக்கு நோட்டை மூடினேன். பஸ் பிடிக்க நடந்து போகும் வழியில், "நாளைக்கு லில்லிகிட்ட சொல்லிடறேன்" என்றேன்.

"எதை?" என்றான். தெரியாமல் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும், "வேணாம்ணா. பழகிடுச்சு" என்றான்.

மறுநாள் சனிக்கிழமை சாயங்காலம், ராஜகீழ்ப்பாக்கத்தில் லில்லியின் அண்ணன் பால்ராஜ் வீட்டில் ஜெபக்கூட்டம். நாற்காலிகள் போதாமல் பாதிப் பேர் பாயில் உட்கார்ந்தார்கள். இரண்டு பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். இதில் வழக்கமாக நல்லதைத்தான் சொல்வார்கள். ஒருவர் மகனுக்கு விசா வந்ததைச் சொன்னார், ஒரு அம்மா மூட்டுவலி குறைந்ததைச் சொன்னார். "ஷில்லாங் அண்ணன் ஏதாவது சொல்லுங்க" என்றார் பால்ராஜ்.

எழுந்தேன். அன்றைக்கு வண்டியை ஓட்டியது நான் என்று சொன்னேன். லைசென்ஸ் இல்லாததையும், வேலைக் கடிதத்தையும், தம்பியின் காதில் சொன்னதையும் சொன்னேன். சத்தியம் செய்ய வேண்டிய கை அவனுடையது அல்ல என்றேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் பேசிப் பழகியவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. மூட்டுவலி அம்மா பழக்கத்தில் ஒரு பாட்டை ஆரம்பித்து, யாரும் சேராததால் நிறுத்திக்கொண்டார்.

லில்லி என்னைப் பார்க்கவில்லை. எட்வினைப் பார்த்தாள். "ரெண்டாவது பிரசவத்துக்கு வலி வந்தப்ப மழையில ஆட்டோ தேடி ஓடினீங்களே. வாசல்ல பக்கத்து வீட்டு வண்டி சாவியோட நின்னுச்சு."

எட்வின் தலையை ஆட்டினான்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அண்ணன் சொல்றேன்னு சொல்லியிருந்தாரு" என்றான். "அவரே சொல்லுவாருன்னு இருந்தேன்."

பால்ராஜ் தொண்டையைச் செருமினார். "மச்சான், எங்கப்பா சார்பா" என்று ஆரம்பித்தார். முடிக்கத் தெரியவில்லை. எழுந்து வந்து எட்வினின் கையைப் பிடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது மூட்டுவலி அம்மாதான் கேட்டார். "அந்தப் பால்காரர் என்னப்பா ஆனாரு?"

என்னிடம்தான் கேட்டார். எனக்குத் தெரியாது. முப்பத்தேழு வருடத்தில் அவர் பெயரைக்கூட நான் கேட்டதில்லை.

"முனுசாமி" என்றான் எட்வின். "கால் கூடிடுச்சு, ஆனா கொஞ்சம் சாச்சு சாச்சுத்தான் நடப்பாரு. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு கேக் கொண்டு போய்க் கொடுப்பேன். எட்டு வருஷம் முன்னாடி இறந்துட்டாரு. மக மணிமங்கலத்துல இருக்கா."

இது லில்லிக்கே தெரியாது. கம்பெனி நண்பர் வீட்டுக்குக் கேக் கொண்டுபோகிறான் என்று நினைத்திருந்தாளாம்.

இரண்டு நாள் லில்லி என்னோடு பேசவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது. குழம்பும் குறையவில்லை. "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க" என்பது மட்டும் வரவில்லை. எட்வினும் என்னிடம் அதிகம் பேசவில்லை. அவனுக்கு என் மேல் கோபமா என்று கேட்டேன். "தெரியலண்ணா. இத்தனை நாளா அது எனக்குன்னு ஒண்ணு இருந்துச்சு. இப்ப எல்லாரும் வந்து கையைப் பிடிக்கறாங்க" என்றான்.

மூன்றாம் நாள் காலை லில்லி பள்ளிக்கு லீவு சொன்னாள். "கிளம்புங்க, அத்தானும் வரட்டும்" என்று எங்கள் இருவரையும் சேகர் ஷெட்டுக்கு ஆட்டோவில் கூட்டிப் போனாள். இரட்டை சிலிண்டரைப் படுக்க வைக்கச் சொன்னாள். "ஹேண்டிலைப் பிடிங்க" என்றாள் எட்வினிடம்.

அவன் கையை நீட்டி, நடுவில் நிறுத்தி, அவளைப் பார்த்தான்.

"நான்தான் சொல்றேன்ல."

பிடித்தான். வண்டி அரை அடி எழுந்து மறுபடி படுத்தது. மூன்று முறை பார்த்தான், முடியவில்லை. அடுத்து சாம்பல் நிற வண்டியின் ஜாதியில் ஒன்று. அது முதல் தடவையிலேயே எழுந்து நின்றது. எட்வின் கையை எடுக்காமல் அப்படியே அதன் பக்கத்தில் நின்றான். சேகர் இரண்டு முறை "வுடு சார், ஸ்டாண்டு போட்டாச்சு" என்ற பிறகும் எடுக்கவில்லை.

நான் மூன்று பக்கம் போட்டு வைத்திருந்த செலவுக் கணக்கு யாருக்கும் தேவைப்படவில்லை. அதன் முடிவும் அதேதான் என்பதை மட்டும் சொன்னேன். "வாத்தியார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் லில்லி. அது கேலியா என்று தெரியவில்லை. ஆனால் என்னிடம் சொன்னாள்.

பணம் கட்டிய சாம்பல் நிற வண்டி வரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. நான் திரும்பும் பயணத்தைத் தள்ளிப் போட்டேன். அதுவரை தினமும் காலை ஆறு மணிக்கு, ஏரிக்கரை மைதானத்தில் சேகரிடம் இரவல் வாங்கிய வண்டியில் எட்வின் பழகினான். லில்லி நடுவில் நின்று, "கிளட்ச், கிளட்ச்" என்று கத்திக்கொண்டிருந்தாள். நடை போக வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

புது வண்டியில் முதலில் மணிமங்கலம் போகலாம் என்றது நான். எட்வின் ஓட்டினான், நான் பின்னால். முடிச்சூர் சாலை எனக்கு அடையாளமே தெரியவில்லை. வயல் இருந்த இடமெல்லாம் அடுக்குமாடி. எந்த இடத்தில் மோதினேன் என்று தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. எட்வின் ஒரு இடத்தில் வேகத்தைக் குறைத்தான். பிறகு மறுபடி கூட்டினான்.

முனுசாமியின் மகள் பெயர் தேவகி. ஐம்பது வயது இருக்கும். வாசலில் தையல் மெஷின். சுவரில் மாலை போட்ட படத்தில் ஒரு ஒல்லியான மனிதர். எட்வினைப் பார்த்ததும், "இன்னாண்ணா, கிறிஸ்மஸ் முடிஞ்சிதான போச்சு, இப்ப வந்துகீற" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் முகத்தையே பார்த்தாள்.

நான் யார், என்ன செய்தேன் என்று சொன்னேன். பயணம் முழுக்க யோசித்து வைத்திருந்த வார்த்தைகளில் பாதி வரவில்லை.

"அப்பா சொல்லுவாரு" என்றாள் தேவகி. "இவரு குடுத்த கேக்கைத் தின்னுகினே சொல்லுவாரு. 'இந்தப் பையன் இல்ல இட்ச்சது. ஓட்டினவன் கண்ணாடி போட்டிருந்தான். நான் கீய வியும்போது பாத்தேன்'னு. 'அப்ப ஏம்பா இவர் வராரு'ன்னு கேட்டா, 'வரட்டும், இன்னா இப்போ. அவனும் ஒரு நாளைக்கு வருவான்'னு சொல்லுவாரு."

நான் பதின்மூன்று வயதிலிருந்து கண்ணாடி போடுகிறேன். எட்வின் இன்றைக்கும் போடுவதில்லை.

"என்கிட்டயும் கேட்டிருக்காரு" என்றான் எட்வின் மெதுவாக. "'கண்ணாடிக்காரன் வரலியா'ன்னு. ஒவ்வொரு வருஷமும். வயசாகி ஆள் மாத்திப் பேசறாருன்னு நெனச்சேன்."

தேவகி மெஷின் மேல் இருந்த துணிகளை ஒதுக்கி எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"எட்டு வருசம் முந்தி வந்திருக்கலாம் சார்" என்றாள். "உக்காரு. டீ போட்டு எட்த்தாறேன்."